காம்பஸ் முள் எதைக் காட்டுகிறது? திசைகாட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மாணவர்களுக்கும் சாரணர்களுக்கும் திசைகாட்டி பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மலையேறுகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கப்பல் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் என்று பலரும் வந்து கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. காம்பஸ் முள் ஏன் எப்பவும் வடக்கையே காட்டுது?

முள் ஒரு சின்னக் காந்தம். தடையில்லாமல் சுழல விட்டால், அது இருக்கும் இடத்தில் எந்தப் பக்கமாகக் காந்தப்புலம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கும். நம்மைச் சுற்றியுள்ள பெரிய காந்தப்புலம் பூமியுடையது. அது பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது. அதனால் முள்ளின் ஒரு முனை வடக்கே நிற்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: முள்ளுக்கு வடக்கு எதுவென்று தெரியாது. தான் இருக்கும் இடத்தின் காந்தப்புலம் மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தப் புலத்தில் பூமியின் பங்கும் உண்டு, பக்கத்தில் இருக்கும் இரும்பின் பங்கும் உண்டு, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் பங்கும் உண்டு. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கேயே இருக்கிறது.

2. பூமிக்குள்ள பெரிய காந்தம் ஒண்ணு இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சோமே, உண்மையா?

பாடப்புத்தகத்தில் பூமிக்குள் ஒரு சட்டக் காந்தம் வரைந்திருப்பார்கள். புலத்தின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அந்தப் படம் உதவும். ஆனால் உள்ளே அப்படி ஒரு திடக் காந்தம் இருக்க வழியில்லை. இரும்பு சுமார் 770 பாகை செல்சியஸைத் தாண்டினால் தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். பூமியின் மையப்பகுதியோ பல ஆயிரம் பாகை வெப்பத்தில் கொதிக்கிறது.

உண்மையில் நடப்பது வேறு. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு பெருங்கடலாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. மின்கடத்தியான அந்தத் திரவம் ஓடும்போது மின்னோட்டம் பிறக்கிறது, மின்னோட்டத்திலிருந்து காந்தப்புலம் பிறக்கிறது. ஓடும் திரவம் என்பதால் புலம் ஒரே நிலையில் நிற்பதில்லை. இது 15ஆம் கேள்விக்குத் தேவைப்படும்.

3. ஒத்த துருவம் விலக்கும்னா, முள்ளோட வட துருவம் பூமியோட வட துருவத்துக்கு எப்படிப் போகும்?

நல்ல கேள்வி. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள், பெரியவர்கள் கேட்பதில்லை. முள்ளில் வடக்கு நோக்கி நிற்கும் முனைக்கு வட துருவம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதை ஈர்க்க வேண்டுமென்றால் பூமியின் வடபகுதியில் இருப்பது, இயற்பியல் கணக்குப்படி, தென் துருவமாகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. புவியியலில் வடக்கே இருப்பதால் மட்டும் அதை வட காந்த துருவம் என்று அழைக்கிறோம்.

4. காந்த வடக்கு வேற, நிஜ வடக்கு வேறன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல எவ்வளவு வித்தியாசம்?

பூமி எந்த அச்சில் சுழல்கிறதோ அந்த அச்சின் வடமுனை மெய் வடக்கு. வரைபடங்கள் அதை வைத்துதான் வரையப்படுகின்றன. முள் காட்டுவது காந்த வடக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்கிறோம். கப்பல்காரர்கள் வேரியேஷன் என்பார்கள்.

தமிழ்நாட்டில் நமக்கு நல்ல காலம். இங்கே இந்த ஒதுக்கம் இப்போது சுமார் 1 முதல் 2 பாகைதான், மேற்குப் பக்கமாக. அதாவது முள், மெய் வடக்கிலிருந்து மிகச் சற்றே இடப்பக்கம் தள்ளி நிற்கும். எல்லா ஊரிலும் இப்படி இருக்காது. நியூயார்க்கில் சுமார் 13 பாகை மேற்கு, கேப் டவுனில் சுமார் 25 பாகை மேற்கு. கேப் டவுனில் இறங்கியவர் முள்ளை அப்படியே நம்பி நடந்தால் வடக்கே போகிறோம் என்று நினைத்து வடமேற்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருப்பார்.

5. ஒண்ணு ரெண்டு பாகைதானே? கண்டுக்காம விட்டா என்ன?

எவ்வளவு தூரம் போகப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மனக்கணக்குக்கு ஒரு எளிய வழி உண்டு: ஒரு பாகை பிசகினால், 60 கிலோமீட்டர் போனபின் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்போம். கொடைக்கானல் காட்டுப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கும்போது ஒன்றரைப் பாகை என்பது 50 மீட்டர் சொச்சம். அதைவிட அதிகப் பிழை நம் கை நடுக்கத்திலேயே வந்துவிடும், விட்டுவிடலாம்.

கடலில் 100 கிலோமீட்டர் போகிறவருக்கு அதே ஒன்றரைப் பாகை இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். இரவில், மழையில், துறைமுக வாய் தெரியாத நேரத்தில் அது சின்ன விஷயமில்லை. நியூயார்க் பக்கம் 13 பாகையை மறந்தால் பத்துக் கிலோமீட்டரிலேயே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடுவோம்.

6. சோழர் கப்பல்ல காம்பஸ் இருந்துச்சா? யார்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க?

இரும்பை இழுக்கும் காந்தக்கல் பல நாட்டாருக்கும் பழங்காலத்திலேயே தெரியும். நம் சேலத்துக் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் இரும்புத் தாதுவும் அந்த இனம்தான். ஆனால் அது திசை காட்டும் என்று கண்டு அதைப் பயணத்துக்குப் பயன்படுத்தியதற்கு முந்திய எழுத்துச் சான்றுகள் சீனாவில் கிடைக்கின்றன. ஷென் குவோ என்ற அறிஞர் 1088 வாக்கில், காந்தக்கல்லில் தேய்த்த ஊசியைப் பட்டு நூலில் தொங்கவிட்டால் அது தெற்கைக் காட்டும், ஆனால் சரியாகத் தெற்கை அல்ல, சற்றுக் கிழக்கே தள்ளிக் காட்டும் என்று எழுதினார். காந்த ஒதுக்கத்தை அப்போதே கவனித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கடலில் மாலுமிகள் இரவில் விண்மீன்களையும் பகலில் சூரியனையும் மூட்டமான நாளில் ஊசியையும் பார்ப்பார்கள் என்று 1119இல் ஜூ யூ என்ற இன்னொரு சீனர் பதிவு செய்தார். ஐரோப்பாவில் 1190 வாக்கில்தான் இந்தப் பேச்சு வருகிறது.

இராசேந்திர சோழனின் கடல் படையெடுப்பு 1025ஐ ஒட்டியது. கடலில் ஊசி பயன்பட்டதற்கான மேற்படிச் சான்றுக்கு அது ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தியது. ஆகவே சோழர் கப்பலில் காம்பஸ் இருந்தது என்று அடித்துச் சொல்வதற்கு ஆதாரமில்லை. அதனால் அவர்களின் திறமை குறைந்துவிடாது. இந்தியப் பெருங்கடலில் ஓடியவர்களுக்குப் பருவக்காற்றும் தெளிந்த வானமும் துணை. அரபு மாலுமிகள் விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களை வைத்து அடிவானத்தை 32 பங்காகப் பிரித்திருந்தார்கள். துருவ நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளந்து வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று அறிந்தார்கள். அந்த நட்சத்திரம் நம் பக்கம் மிகத் தாழ்வாக நிற்கும்: சென்னையில் அடிவானத்துக்கு மேல் 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகைதான். கொஞ்சம் மூட்டம் இருந்தாலும் மறைந்துவிடும்.

7. வீட்டுல இருக்கிற ஊசியை வெச்சு காம்பஸ் செய்ய முடியுமா?

தாராளமாக. ஒரு தையல் ஊசி, ஒரு காந்தம், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் போதும். ஊசியின் காதிலிருந்து முனை நோக்கி, ஒரே திசையில் மட்டும், காந்தத்தின் ஒரே முனையால் முப்பது நாற்பது முறை தேயுங்கள். திரும்பி வரும்போது காந்தத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. ஊசியை ஒரு சின்ன இலைத் துண்டின் மேல் வைத்து மிதக்கவிட்டால் தயங்கித் தயங்கித் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும்.

எந்த முனை வடக்கு என்பதிலும் ஒரு விதி உண்டு. காந்தத்தின் வட முனையால் தேய்த்திருந்தால், கடைசியாகக் காந்தம் விலகிய ஊசிமுனை தென் துருவமாகிவிடும், தெற்கைக் காட்டும். கிண்ணம் எவர்சில்வராக வேண்டாம். சில எவர்சில்வர் வகைகளில் காந்தம் ஒட்டும், அவை ஊசியையும் இழுக்கும்.

8. வாஸ்து பாக்க ரூம் ரூமா காம்பஸ் வெச்சேன். ஒவ்வொரு ரூம்லயும் ஒவ்வொரு திசை காட்டுது. காம்பஸ் கெட்டுப்போச்சா?

காம்பஸ் நன்றாகத்தான் இருக்கிறது. தளத்திலும் தூணிலும் இருக்கும் கம்பிகள், இரும்புக் கதவு, பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் முள்ளை இழுக்கின்றன. முதல் கேள்வியில் சொன்னதுதான்: இருக்கும் இடத்தின் புலத்தை அது காட்டுகிறது. தரையில் வைத்தால் ஒன்று, இடுப்பு உயரத்தில் பிடித்தால் இன்னொன்று காட்டினால், காரணம் தளக்கம்பி என்று புரிந்துகொள்ளலாம். மனையின் திசை தெரிய வேண்டுமானால் கட்டடம் எழும்புவதற்கு முன், வாகனமும் கம்பிக்கட்டும் இல்லாத இடத்தில் பாருங்கள். கட்டியபின் என்றால் தெருவில் தள்ளி நின்று, வீட்டுச் சுவரின் கோட்டோடு காம்பஸை ஒத்துப்பார்ப்பதே சரி.

சர்வே படித்தவர்கள் இதை உள்ளூர் ஈர்ப்பு என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் அழகான ஒரு சோதனை இருக்கிறது. அ என்ற இடத்திலிருந்து ஆ-வைப் பார்த்து ஒரு கோணம், ஆ-விலிருந்து அ-வைத் திரும்பிப் பார்த்து ஒரு கோணம். இரண்டுக்கும் சரியாக 180 பாகை வித்தியாசம் வந்தால் இரண்டு இடமும் பெரும்பாலும் சுத்தம். வராவிட்டால் ஏதோ ஓர் இடத்தில் இரும்போ மின்கம்பியோ விளையாடுகிறது.

பெரிய ஆய்வகங்களையும் இது விடவில்லை. மும்பை கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அளவுகள் கெட்டுவிடும் என்று 1904இல் கடலுக்கு அக்கரையில் அலிபாகுக்கு ஆய்வகத்தையே மாற்றினார்கள். அங்கே கட்டடத்தைக்கூடக் காந்தத் தன்மை இல்லாத கற்களால் கட்டினார்கள்.

9. போன்ல இருக்கிற காம்பஸை நம்பலாமா? அது ஏன் எட்டு போடச் சொல்லுது?

நம்பலாம், ஆனால் சோதித்துவிட்டு நம்புங்கள். போனுக்குள் முள் கிடையாது. மூன்று பக்கமும் காந்தப்புலத்தை அளக்கும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. போன் சாய்ந்திருக்கிறதா என்று இன்னொரு உணரி சொல்ல, இரண்டையும் சேர்த்துத் திசையைக் கணக்கிடுகிறது. சிக்கல் என்னவென்றால் அந்தச் சில்லுக்குப் பக்கத்திலேயே போனின் ஸ்பீக்கர் காந்தமும் இருக்கிறது. காற்றில் எட்டு போடும்போது போன் எல்லாப் பக்கமும் திரும்புகிறது. பூமியின் புலம் போனைப் பொறுத்தவரை மாறிக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கரின் புலம் போனோடு சேர்ந்தே திரும்புவதால் மாறாது. மாறாததைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுகிறது.

காந்தப் பொத்தான் வைத்த உறை, காரில் ஒட்டும் காந்தத் தாங்கி இரண்டும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். உறையைக் கழற்றிவிட்டு எட்டு போடுங்கள். அமைப்புகளில் மெய் வடக்கு என்ற தெரிவு இருந்தால், போன் தன் இருப்பிடத்தை வைத்து 4ஆம் கேள்வியின் ஒதுக்கத்தையும் தானே சரிசெய்துவிடும். தொழுகைத் திசை பார்க்கும் நண்பர்கள் கேட்பதால் இதையும் சொல்கிறேன்: சென்னையிலிருந்து மக்காவின் திசை மெய் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 288 பாகை. முள் காம்பஸில் பார்த்தால் ஒதுக்கத்தைச் சேர்த்து 289 முதல் 290. போன் 270 என்றோ 310 என்றோ காட்டினால் முதலில் உறையைச் சந்தேகப்படுங்கள்.

10. கப்பல் முழுக்க இரும்புதானே, அதுக்குள்ள காம்பஸ் எப்படி வேலை செய்யும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மரக்கப்பல் காலத்தில் பீரங்கியும் நங்கூரமும் மட்டுமே தொல்லை. மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கடற்கரையை அளந்தபோது, கப்பல் திரும்பும் திசையைப் பொறுத்துக் காம்பஸின் பிழை மாறுவதைக் கூர்ந்து கவனித்தார். பூமியின் தென்பாதியில் அந்தப் பிழை எதிர்ப்பக்கமாகப் புரள்வதையும் கண்டார். இன்றும் கப்பல் காம்பஸின் முன்னால் செங்குத்தாக நிற்கும் தேனிரும்புத் தண்டுக்கு ஃபிளிண்டர்ஸ் தண்டு என்றுதான் பெயர்.

இரும்புக் கப்பல்கள் வந்ததும் நிலைமை மோசமானது. கட்டும் தளத்தில் மாதக்கணக்காக ஒரே திசையில் கிடந்து சம்மட்டி அடி வாங்கும் கப்பல், பூமியின் புலத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு தானே ஒரு காந்தமாகிவிடும். 1838இல் ரெயின்போ என்ற இரும்புக் கப்பலில் வானியலாளர் ஜார்ஜ் ஏரி சோதனை செய்து, காம்பஸைச் சுற்றிக் காந்தங்களையும் தேனிரும்பையும் கணக்காக வைத்துக் கப்பலின் இழுவையைச் சமன் செய்யலாம் என்று காட்டினார். அதைச் செம்மைப்படுத்தியவர் இயற்பியலாளர் கெல்வின், 1876இல் காப்புரிமை பெற்றார். கப்பலின் மேல்தளத்தில் பார்த்திருப்பீர்கள்: இடுப்பு உயரப் பீடம், நடுவில் காம்பஸ் கிண்ணம், இரண்டு தோளிலும் இரண்டு இரும்புக் குண்டுகள். அந்தக் குண்டுகள் அழகுக்காக வைத்தவை அல்ல. பீடத்துக்குள்ளே கதவைத் திறந்தால் வரிசையாகச் சின்னக் காந்தக் குச்சிகளும் இருக்கும்.

எல்லாம் செய்தபின்னும் கொஞ்சம் பிழை மிஞ்சும். அதற்குக் கப்பலை ஒரு முழு வட்டம் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் நிறுத்தி, தெரிந்த ஓர் இலக்கின் கோணத்தோடு காம்பஸை ஒப்பிட்டு அட்டவணை எழுதுவார்கள். கப்பலின் இந்தச் சொந்தப் பிழைக்கு டீவியேஷன், அதாவது விலகல், என்று பெயர். போன் எட்டு போடுவதும் கப்பல் வட்டம் போடுவதும் ஒரே காரியம்தான்.

11. நம்ம ஃபைபர் படகுக்கும் இது பொருந்துமா? படகுல இரும்பே கம்மியாச்சே?

பொருந்தும். ஃபைபர் உடம்பு முள்ளை ஒன்றும் செய்யாது. ஆனால் டீசல் இன்ஜின், நங்கூரம், ஸ்பீக்கர் பெட்டி, வாக்கிடாக்கி, வெட்டுக்கத்தி எல்லாம் செய்யும். காம்பஸை இன்ஜினிலிருந்து முடிந்த அளவு தள்ளி, சுக்கான் பிடிப்பவரின் கண்ணுக்கு நேரே, படகின் நடுக்கோட்டோடு அதன் குறிக்கோடு ஒத்து நிற்கும்படி பொருத்துங்கள். திருகாணிகள் பித்தளையாக இருக்கட்டும். கிண்ணத்துக்குள் குமிழி தெரிந்தால் திரவம் கசிகிறது. அட்டை தத்தளிக்கும், மாற்ற வேண்டிய நேரம்.

கப்பல் கருவிகளில் காம்பஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு சின்னத் தகட்டில் அச்சடித்திருப்பார்கள். உங்கள் வானொலியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் நீங்களே சோதிக்கலாம்: படகு கட்டிக் கிடக்கும்போது கருவியைக் காம்பஸ் பக்கம் மெல்லக் கொண்டுவாருங்கள், அட்டை அசையத் தொடங்கும் தூரத்தைக் குறித்துக்கொண்டு அதற்கு இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள்.

12. காம்பஸ் 90 காட்டுது. அப்ப சார்ட்ல கோடு எப்படிப் போடுறது?

சார்ட் என்பது கடல் வரைபடம். அதில் கோடு போட இரண்டு திருத்தம் செய்ய வேண்டும். முதலில் 10ஆம் கேள்வியின் விலகல், பிறகு 4ஆம் கேள்வியின் ஒதுக்கம். காம்பஸிலிருந்து மெய்த் திசைக்குப் போகும்போது பிழை கிழக்கு என்றால் கூட்டுங்கள், மேற்கு என்றால் கழியுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே போகும் படகில் காம்பஸ் 90 என்று வைத்துக்கொள்வோம். 90இல் படகின் விலகல் 3 கிழக்கு: 93. ஒதுக்கம் 2 மேற்கு: 91. சார்ட்டில் போட வேண்டிய கோடு 91. சார்ட்டிலிருந்து காம்பஸுக்கு வரும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

அதோடு முடியாது. காம்பஸ் சொல்வது படகின் மூக்கு எங்கே பார்க்கிறது என்பதை. படகு எங்கே போகிறது என்பது நீரோட்டத்தையும் காற்றையும் சேர்த்தது. எட்டு நாட் (மணிக்கு எட்டுக் கடல் மைல்) வேகத்தில் போகும் படகைப் பக்கவாட்டில் ஒரு நாட் நீரோட்டம் தள்ளினால், பாதை சுமார் 7 பாகை விலகிவிடும். முள் மேல் பழி போடுவதற்கு முன் கடலைப் பாருங்கள்.

13. ஜிபிஎஸ் வந்தாச்சு, இன்னும் எதுக்கு இந்தப் பழைய சாமான்?

ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று, நகராமல் நிற்கும்போது, ஒற்றை ஆன்டெனா ஜிபிஎஸ்ஸால் சொல்ல முடியாது. வலையைப் போட்டுவிட்டு மிதக்கும் படகில் அதன் திசை அம்பு மனம்போன போக்கில் திரும்புவதைக் கடலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

அப்புறம் அதன் சமிக்ஞையைத் தடுக்கவும் ஏமாற்றவும் முடியும். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த சுமார் 20 கப்பல்களின் ஜிபிஎஸ், கப்பல்கள் கரைக்குள்ளே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. பெரிய கப்பல்களில் பூமியின் சுழற்சியை உணர்ந்து மெய் வடக்கையே காட்டும் ஜைரோ காம்பஸும் உண்டு. 1908 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அருமையான கருவி, ஆனால் மின்சாரம் வேண்டும், நிலைகொள்ளச் சில மணி நேரமும் வேண்டும். அதனால்தான் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், மின்சாரத்தைச் சாராத காந்தக் காம்பஸ் ஒன்று கப்பலில் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. சரியான விதி என்பது என் கருத்து. கரை தெரியாத தூரம் போகும் சின்னப் படகுகளிலும் அது இருக்க வேண்டும்.

14. வெளிநாட்டுல இருந்து மாமா கொண்டுவந்த காம்பஸ் முள் ஒருபக்கம் சாஞ்சு கண்ணாடியில உரசுது. ஏன்?

பூமியின் புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. வடக்கே போகப் போகத் தரைக்குள் சாய்ந்து இறங்கும். இதைக் காந்தச் சரிவு என்கிறோம். லண்டனில் சுமார் 66 பாகை, டெல்லியில் நாற்பதுக்கு மேல், சென்னையில் பத்துக்குள். ஐரோப்பாவில் விற்கும் காம்பஸில் வட முனை கீழே சாயாமல் இருக்கத் தென்பக்கம் கொஞ்சம் எடை கூட்டியிருப்பார்கள். இங்கே அந்தச் சரிவு இல்லாததால் கூட்டிய எடை தென்முனையைக் கீழே இழுக்கிறது. வாங்கும்போது எந்த மண்டலத்துக்கானது என்று பாருங்கள். உலகம் முழுக்கப் பயன்படும்படி செய்தவையும் கிடைக்கின்றன.

சரிவு பூஜ்யமாகும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். அது நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலிப் பக்கம் முள் கிட்டத்தட்ட மட்டமாகவே நிற்கும். அங்கே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும், 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து பறந்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராயவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

15. வட துருவம் ரஷ்யா பக்கம் ஓடுதாமே? தலைகீழா மாறிடும்னும் சொல்றாங்களே?

நகர்கிறது, உண்மை. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1831இல் கனடாவின் வடகோடியில் பூத்தியா தீபகற்பத்தில் காந்த துருவத்தைக் கண்டார். நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுன்சென் 1903 முதல் 1906 வரை அதே பகுதியில் பயணம் செய்தபோது அது இடம் மாறியிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் சைபீரியா பக்கமாக விரைந்தது, இப்போது வேகம் குறைந்திருக்கிறது. அதனால் ஒதுக்கத்தைத் தரும் உலகக் காந்த மாதிரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். துருவம் எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்ததால் 2019இல் தவணைக்கு முன்பே ஒருமுறை திருத்தினார்கள். பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்ட ஒதுக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள்.

தலைகீழாக மாறுவது முன்பு பலமுறை நடந்திருக்கிறது. கடைசியாக முழுதாக மாறி நிலைத்தது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மாறி முடியவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த வாரம் மாறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் கவலைப்படாதீர்கள்.

16. ஏர்போர்ட் ரன்வேல பெரிசா நம்பர் எழுதியிருக்கே, அதுக்கும் காம்பஸுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். ஓடுபாதையின் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் அந்த எண். மதுரையில் 09, மறுமுனையில் 27: கிழக்கு மேற்காக ஓடும் பாதை. சென்னையில் 07-25, 12-30 என்று இரண்டு. காந்த வடக்கு நகர்ந்தால் எண்ணும் மாறியாக வேண்டும். லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் 2009இலும், அமெரிக்காவின் டாம்பாவில் 2011இலும் பெயின்ட் அடித்து எண்ணை மாற்றினார்கள். விமானி அறையில் எத்தனை திரைகள் இருந்தாலும் மின்சாரம் தேவையில்லாத ஒரு சின்னக் காம்பஸும் இருக்கும்.

17. காந்த துருவத்துக்கே போய் நின்னா முள் எங்க காட்டும்?

அங்கே புலம் நேராகத் தரைக்குள் இறங்குகிறது. படுக்கையாகச் சுழலும் முள்ளைத் திருப்ப வலுவில்லாததால் அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும். துருவத்தை நெருங்கும்போதே முள் சோம்பிவிடும். வட கனடாவின் விமான நிலையங்களில் ஓடுபாதை எண்களை மெய் வடக்கை வைத்தே எழுதுகிறார்கள்.

18. சூரியப் புயல் வந்தா காம்பஸ் தப்பாக் காட்டுமா?

துருவங்களை ஒட்டிய நாடுகளில் சில பாகை ஆடக்கூடும். நம் பக்கம் புயலின் பாதிப்பு பெரும்பாலும் வடக்கு நோக்கிய புலத்தின் வலுவைக் குறைப்பதாகவே இருக்கும், திசையை அதிகம் மாற்றாது. 1859 செப்டம்பரில் வந்த பெரும்புயலின்போது கொலாபாவில் பதிவான வீழ்ச்சி சுமார் 1,600 நானோடெஸ்லா. அங்கே புலத்தின் மொத்த வலுவோ 40,000க்கு அருகில். அதற்கே இவ்வளவுதான் என்றால், சாதாரணப் புயலை முள்ளில் கண்ணால் காண முடியாது.

19. என் காம்பஸ் சரியா காட்டுதான்னு நானே எப்படிச் சோதிக்கிறது?

சூரிய உதயத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். சரியான கிழக்கில் சூரியன் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டும்தான். ஜூனிலும் டிசம்பரிலும் சென்னையில் 24 பாகை வரை விலகி உதிக்கும்.

கோயில் கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்த வழி ஒன்று இருக்கிறது. வெயில் விழும் மட்டமான தரையில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நடுங்கள். குச்சியை மையமாக்கிக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும், பிற்பகலில் மறுபடி தொடும் புள்ளியையும் குறியுங்கள். இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வரைந்தால் மெய் வடக்கு தெற்கு. அந்தக் கோட்டின் மேல் காம்பஸை வைத்தால் தமிழ்நாட்டில் முள் ஒன்று இரண்டு பாகை இடப்பக்கம் நிற்க வேண்டும். ஐந்து, பத்து என்று விலகினால் பத்து மீட்டர் தள்ளி இதே கோட்டுக்கு இணையாக ஒரு கயிறு கட்டி அங்கேயும் பாருங்கள். அங்கே சரியாகக் காட்டினால் முதல் இடத்தில் மண்ணுக்குள் இரும்பு இருக்கிறது. அங்கேயும் அதே பிழை என்றால் காம்பஸில்தான் கோளாறு.

20. சோதிச்சேன். முள் அப்படியே தலைகீழா தெற்கைக் காட்டுது!

இதுவும் அடிக்கடி நடப்பதுதான். காம்பஸைப் போனோடோ ஸ்பீக்கரோடோ ஒரே பையில் போட்டு வைத்திருப்பீர்கள். வலுவான காந்தம் பக்கத்திலேயே கிடந்து முள்ளின் துருவங்களை மாற்றிவிட்டது. 7ஆம் கேள்வியில் ஊசிக்குச் சொன்னதையே முள்ளுக்கும் செய்யலாம், திறக்கக்கூட வேண்டாம். நல்ல காந்தம் ஒன்றின் தென் முனையால், கண்ணாடிக்கு மேலேயே, முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு முனை நோக்கி ஒரே திசையில் சில முறை இழுங்கள். முள் காந்தத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் காம்பஸைச் சற்றுச் சாய்த்து, முள்ளைக் கண்ணாடியில் ஒட்டி நிற்கவிட்டுச் செய்வது நல்லது. பிறகு காந்தத்தை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, 19இல் வரைந்த கோட்டின் மேல் மறுபடி வைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் இனி அதைத் தனிப் பையில், போனிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.